மிச்சத்தை வைத்து எழுதும் கணக்கு: இம்னாவைட் ஓடையும் புட்டுலிகயுக் ஆறும்

ஒரு வடிநிலத்தில், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பில், விழுந்த நீரில் எவ்வளவு ஆற்றில் போனது, எவ்வளவு ஆவியானது, எவ்வளவு தங்கியது என்று வருடாவருடம் எழுதிப் பார்ப்பதற்கு நீர்ச்சமநிலைக் கணக்கு என்று பெயர். நீரியல் பாடத்தில் தொடக்கத்திலேயே சொல்லித் தருகிற சமன்பாடு இது: மழையும் பனியும் ஒரு பக்கம், ஓட்டம், ஆவியாதல், சேமிப்பு மாற்றம் மறுபக்கம். எழுத எளிது. வட துருவ வட்டத்துக்கு அப்பால் இதே கணக்கை நேர்மையாகப் போட்டு முடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, அலாஸ்காவின் வட சரிவைவிட நல்ல உதாரணம் இல்லை. அங்கே பல ஆண்டுகள் அளவெடுத்த இரண்டு வடிநிலங்களைப் பற்றியது இந்த ஆய்வு.

முதலாவது இம்னாவைட் ஓடை. ப்ரூக்ஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரக் குன்றுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 68.6 டிகிரி வடக்கில், வெறும் 2.2 சதுர கிலோமீட்டர் பரப்பு. இரண்டாவது புட்டுலிகயுக் ஆறு. ப்ரூடோ விரிகுடாவை ஒட்டிய கடலோரச் சமவெளியில் 471 சதுர கிலோமீட்டர். இரண்டுமே ஒரே வட சரிவு, இரண்டின் அடியிலும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு நிரந்தர உறைமண். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டும் இரண்டு தேசங்கள் போல இருக்கின்றன.

ஏன் இந்த இடம்

எண்ணெய்தான் காரணம். ப்ரூடோ விரிகுடாவிலிருந்து தெற்கே குழாய் போடுவதற்காக 1974-இல் ஒரு சரளைச் சாலை போடப்பட்டது. இன்று அதன் பெயர் டால்டன் நெடுஞ்சாலை. அதற்கு முன்பு அந்தக் குன்றுகளுக்குப் பெரும்பாலும் விமானத்தில்தான் போகவேண்டும். சாலை வந்த மறுவருடமே, 1975-இல், டூலிக் ஏரிக்கரையில் ஆராய்ச்சி முகாம் அமைந்தது. 1980-களின் நடுவில், தூந்திர நிலம் குலைந்தால் என்ன ஆகும், எப்படி மீளும் என்று அறிய அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம், டூலிக்கிலிருந்து அதிக தூரமில்லாத இம்னாவைட். நீரியல் பகுதியை அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபேர்பேங்க்ஸ் வளாகத்தைச் சேர்ந்த டக்ளஸ் கேனும் லாரி ஹின்ஸ்மனும் மற்றவர்களும் ஏற்றார்கள். திட்டம் முடிந்த பிறகும் அவர்கள் அளவெடுப்பதை நிறுத்தவில்லை. இந்த இடத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. மூன்று வருடத் தரவு ஒரு ஆய்வுக்கட்டுரைக்குப் போதும், ஒரு வடிநிலத்தைப் புரிந்துகொள்ளப் போதாது.

பின்னர் இந்தச் சின்ன ஓடையைப் பெரிய அளவுகளோடு இணைத்தார்கள். இம்னாவைட்டின் சரிவில் ஒரே ஒரு நீர்த்தடம் (சரிவில் நீர் வடிந்து இறங்கும் ஆழமற்ற தடம்), முழு ஓடை, பக்கத்தில் 142 சதுர கிலோமீட்டர் கொண்ட மேல் குபாருக், கடைசியாக ஏறக்குறைய 8,100 சதுர கிலோமீட்டர் கொண்ட முழுக் குபாருக் ஆறு என்று சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கி ஜேம்ஸ் மெக்நமாரா 1990-களில் ஆராய்ந்தார். சின்ன இடத்தில் கற்றது பெரிய இடத்தில் எதுவரை செல்லும் என்று சோதிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

உறைமண் தரும் ஒரு சலுகை

வெப்ப நாட்டில் நீர்ச்சமநிலை போடுபவர்களைப் படுத்துவது நிலத்தடி நீர். எவ்வளவு கீழே இறங்கியது, பக்கத்து வடிநிலத்துக்குப் போனதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இம்னாவைட்டில் அந்தக் கவலை கிடையாது. கோடையில் உருகுவது மேல் மண் மட்டும்தான்: இடத்தைப் பொறுத்து கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை, பொதுவாக அரை மீட்டர் அளவு. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டருக்கு உறைந்த மண். சிமெண்ட் தளத்தின்மேல் நனைந்த கோணிச்சாக்கை விரித்தது போன்ற அமைப்பு. நீர் ஆழத்துக்கு இறங்க வழியே இல்லை.

அந்த மேல் மண்ணுக்குள்ளும் இரண்டு அடுக்கு உண்டு. மேலே பத்து இருபது சென்டிமீட்டருக்குப் பாசியும் மட்கிய தாவரமும், கீழே வண்டல் கலந்த கனிம மண். பாசி அடுக்கில் நீர் விறுவிறுவென்று நகரும். கனிம மண்ணில் நகர்வதே தெரியாது. கனிம மண் கோடை முழுக்க ஏறத்தாழ நிறைந்தே கிடக்கும். ஆகவே நனைவதும் காய்வதும் பெரும்பாலும் அந்த மேல் அடுக்கில்தான். இந்த வடிநிலத்தின் சேமிப்புக் கிடங்கே அந்தப் பாசி அடுக்குதான் என்று சொல்லிவிடலாம். கிடங்கு சிறியது. மழை பெய்தால் ஓடை சட்டென்று ஏறும், நின்றால் சட்டென்று வடியும். குளிர்காலத்தில் ஓட்டமே இருக்காது.

பனியை அளப்பது

சரி, நிலத்தடி நீர் என்ற தலைவலி போயிற்று. அதற்குப் பதிலாக வந்து நிற்பது பனி.

இம்னாவைட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 340 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் விழுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பனியாக. செப்டம்பரில் விழத் தொடங்கும் பனி மே மாதம் வரை அப்படியே கிடக்கும். எட்டு மாத வரவு முழுக்க தரையில் குவிந்திருக்கிறது, அளப்பதில் என்ன சிரமம் என்று தோன்றும். சிரமம் காற்றில் இருக்கிறது. மழைமானியின் வாயை நெருங்கும் காற்று, மானியின் உடலில் மோதி மேலெழும்பும். மழைத்துளிக்குக் கனம் இருப்பதால் பெரும்பாலும் உள்ளே விழுந்துவிடும். பனித்துகள் காற்றோடு மானியைத் தாண்டிப் போய்விடும். தடுப்பு எதுவும் இல்லாத மானி, பலத்த காற்றில், விழுந்த பனியில் பாதியைக்கூடப் பிடிப்பதில்லை. போதாததற்கு ரஷ்யாவில் ட்ரெத்யாகோவ் மானி, கனடாவில் நிஃபர் தடுப்பு மானி, அமெரிக்காவில் எட்டங்குல மானி என்று நாட்டுக்கொரு கருவி. உலக வானிலை அமைப்பு 1986-லிருந்து 1993 வரை இவற்றையெல்லாம் இரட்டை வேலிக்குள் வைத்த ஒரு தரமான மானியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த முடிவுகளைக் கொண்டு டாசிங் யாங் போன்றவர்கள் பழைய பதிவுகளைத் திருத்தினார்கள். திருத்தியபோதுதான், அலாஸ்காவுக்கும் கனடாவின் யூக்கானுக்கும் நடுவிலுள்ள எல்லையில் வரைபடத்தில் தெரிந்த மழையளவு வித்தியாசத்தில் ஒரு பகுதி, கருவி மாறியதால் வந்தது என்று தெரிந்தது.

இந்தப் பிழை கணக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கற்பனை எண் போட்டுப் பார்ப்போம். உண்மையில் 120 மில்லிமீட்டர் பனி, 220 மில்லிமீட்டர் மழை விழுந்தது; ஆற்றில் 180 போனது; சேமிப்பு மாறவில்லை. அப்படியானால் ஆவியானது 160. இப்போது மானி பனியில் 50 மட்டும் காட்டுகிறது என்று வையுங்கள். மொத்த வரவு 270 ஆகிவிடும். 180-ஐக் கழித்தால் ஆவியாதல் 90. விழுந்த பனியை நாம் பிடிக்கத் தவறினோம்; பழி ஆவியாதலின் தலையில் விழுந்துவிட்டது. சமன்பாடும் இரண்டு பக்கமும் சரியாகவே நிற்கும். பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்க அதில் எதுவும் இல்லை. ஆவியாதலை அளக்காமல் மிச்சத்தை எடுத்து அந்தப் பெயரை ஒட்டிவிடும் பழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். மிச்சத்தில் ஆவியாதல் மட்டும் இருப்பதில்லை. மற்ற எல்லா உறுப்புகளின் பிழையும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

கேன் குழு எடுத்த வழி உழைப்பு மிகுந்தது. ஏப்ரல் கடைசியில், உருகல் தொடங்குவதற்கு முன், வடிநிலத்தின் குறுக்கே நடந்து பனியைத் தரையிலேயே அளப்பது. ஆழம் அளக்க ஒரு கோல் போதும், ஒரு நிமிடத்தில் பலமுறை குத்தலாம். அடர்த்தி அளக்கக் குழாயை இறக்கிப் பனியை வெட்டியெடுத்து எடைபோட வேண்டும், நேரம் பிடிக்கும். ஆழம் அடிக்கு அடி மாறும். அடர்த்தி அவ்வளவு மாறாது. எனவே ஓரிடத்தில் ஐம்பது ஆழ அளவுகளும் ஐந்து குழாய் மாதிரிகளும் எடுத்தால் அதே உழைப்பில் பிழை குறையும் என்று 1993-இல் காட்டினார்கள். சாதாரணமாகத் தெரியும் யோசனை. ஆனால் மானியை நம்பி மேசையில் உட்கார்ந்திருந்தால் வராத யோசனை.

தரையில் அளந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஏப்ரலில் தரையில் கிடப்பது, குளிர்காலம் முழுக்க விழுந்தது அல்ல. நடுவில் காற்று பனியை மேட்டிலிருந்து வாரிப் பள்ளத்தில் கொட்டுகிறது, அப்படிப் பறக்கும்போது ஒரு பகுதி உருகாமலே ஆவியாகிவிடுகிறது; பாடப்புத்தகத்தில் பதங்கமாதல் என்று படித்தது. க்ளென் லிஸ்டனும் மாத்யூ ஸ்டர்மும் இம்னாவைட்டின் நிலவடிவத்தை வைத்து இதற்கு ஒரு கணினி மாதிரி உருவாக்கினார்கள். குளிர்காலப் பனியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இப்படிப் போகலாம் என்று அது காட்டியது. ஆகவே, வரவுக் கணக்கை செப்டம்பரிலிருந்து எழுதுகிறோமா, உருகலுக்கு முந்தைய நாளிலிருந்து எழுதுகிறோமா என்பதைப் பொறுத்து விடையே மாறும். இரண்டில் எதைச் செய்தாலும் தப்பில்லை. எதைச் செய்தோம் என்று எழுதிவைக்காமல் விடுவதுதான் தப்பு.

பத்து நாள் ஆறு

மே மாதம். சூரியன் மறையப் போவதே இல்லை என்ற நிலை நெருங்குகிறது. எட்டு மாதம் சேர்ந்த பனி பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் உருகி முடிந்துவிடும். மண் இன்னும் உறைந்தே இருக்கிறது. பாசி அடுக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் காய்ந்திருந்தால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம் ஓடும். இம்னாவைட் அளவீடுகளின்படி உருகிய பனியில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஓடையில் போகிறது. ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை ஆவியாகிறது. மீதி மேல் மண்ணில் தங்குகிறது.

உருகிய நீர் உடனே ஓடைக்கு வந்துசேர்வதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். காற்று அடித்துக் குவித்த கெட்டிப் பனி பள்ளத்தாக்கின் அடியை நிரப்பி வைத்திருக்கும். சரிவிலிருந்து இறங்கிய நீர் அதன் பின்னால் அணை கட்டியது போலத் தேங்கி, ஒரு நாள் உடைத்துக்கொண்டு கிளம்பும். அந்த நேரத்தில் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்லும் வழக்கமான அட்டவணை பயன்படாது. நீர் பனிமேல் ஓடுகிறது, அடியில் பனிக்கட்டி, கரை எது என்றே தெரியாது. ஆளே இறங்கி வேகத்தை அளக்கவேண்டும். ஆண்டு ஓட்டத்தில் பெரிய ஒரு பங்கு போகிற நாட்களும் அளப்பதற்கு மிக மோசமான நாட்களும் ஒன்றே. ஓட்டம்தான் இந்தச் சமன்பாட்டில் நம்பகமான உறுப்பு என்று சொல்பவர்கள் அந்தப் பத்து நாளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

வெயில் ஒரு மாதம், மழை இன்னொரு மாதம்

வெயிலின் உச்சம் ஜூன். ஆனால் மழை அதிகம் பெய்வது ஜூலை, ஆகஸ்டில். அதனால் ஜூனில் ஆவியாவது அந்த மாத மழையைவிட அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டுவது உருகல் விட்டுச்சென்ற ஈரம். ஆகஸ்டில் நிலைமை திரும்புகிறது. கோடை முழுவதையும் ஒரே எண்ணாக எழுதினால் இது மறைந்துவிடும்.

கேன் குழு ஆவியாதலை ஒரே வழியில் கணக்கிட்டு விட்டுவிடவில்லை. நீர்ச்சமநிலையின் மிச்சமாக ஒன்று, கதிர்வீச்சும் வெப்பமும் அளந்து ஆற்றல் சமநிலையாக ஒன்று, கதிர்வீச்சையும் வெப்பநிலையையும் வைத்து ஆவியாதலைக் கணிக்கும் ப்ரீஸ்ட்லி–டெய்லர் சூத்திரத்தின் வழியாக ஒன்று என்று 1990-லேயே ஒப்பிட்டார்கள். 2007-லிருந்து காற்றின் சுழிப்பையும் ஈரத்தையும் நொடிக்குப் பலமுறை அளக்கும் கோபுரங்கள் இம்னாவைட்டில் மேடு, சரிவு, பள்ளம் என்று மூன்று இடத்தில் நிற்கின்றன. நீண்டகாலச் சராசரியில் வரவு நீர் ஏறத்தாழச் சரிபாதியாக ஓட்டத்துக்கும் ஆவியாதலுக்கும் பிரிகிறது. இந்த எண்ணை நான் நம்புவதற்குக் காரணம், ஒன்றையொன்று சாராத அளவுகள் அதன் பின்னால் இருப்பதுதான்.

சமவெளிக்கு இறங்கினால்

இப்போது புட்டுலிகயுக். அதே உறைமண், அதே குளிர். ஆனால் நிலம் தட்டையாக இருக்கிறது. ஏரிகளும் குட்டைகளும், பனி ஆப்புகள் மண்ணைப் பிளந்து உருவாக்கிய பலகோணக் கட்டங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. வசந்தத்தில் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாக இணைந்து ஆற்றுக்கு நீர் தருகின்றன. சில வாரத்தில் இணைப்பு அறுந்துபோகிறது. அதற்குப் பிறகு கோடை முழுக்கக் குட்டைகளிலிருந்து நீர் மேலே போகிறதே ஒழிய ஆற்றுக்குப் போவதில்லை. மழை பெய்தாலும் அது முதலில் குட்டையின் பள்ளத்தை நிரப்பவேண்டும். வழக்கமான கோடையில் அந்தப் பள்ளம் நிரம்பாது.

லாரா பௌலிங் தலைமையில் 2003-இல் வந்த ஆய்வு ரேடார் செயற்கைக்கோள் படங்களையும் களஅளவுகளையும் சேர்த்து இதை எண்ணாக்கியது. உருகலுக்குப் பிந்தைய மூன்று வாரத்தில் நீர் நின்ற பரப்பு பாதிக்கும் மேல் சுருங்கியது. ஒவ்வொரு வசந்தத்திலும் உருகிய பனியில் 30-லிருந்து 37 மில்லிமீட்டர், அதாவது நான்கில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை, முந்தைய கோடையின் பள்ளத்தை நிரப்பவே செலவாகிறது. ஓட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இதை இம்னாவைட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரிவு நிலத்தில் பாசி அடுக்கு நிரம்பியதும் எஞ்சிய நீர் இறங்கிவிடும். கோடை மழையும் ஓடையை எட்டும். சமவெளியில் போன வருடம் பட்ட கடனை இந்த வருடப் பனி அடைக்கிறது. 'ஓராண்டில் சேமிப்பு மாற்றம் பூச்சியம்' என்று எழுதிவிட்டுப் போகும் வழக்கம் இம்னாவைட்டில் பெரிய கேடு செய்யாது. புட்டுலிகயுக்கில் அது கணக்கின் அடிப்படையையே மறைத்துவிடும். உறைமண் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு வடிநிலத்தின் நடத்தையைச் சொல்லும் மாதிரிகளுக்கு இந்த இரண்டு இடங்களும் போதுமான மறுப்பு.

வழக்கத்தை மீறிய ஆண்டுகள்

1999 ஜூலையில் மேல் குபாருக்கில் ஐம்பது மணி நேரத்துக்குள் சராசரியாக 80 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. நம் ஊர் வடகிழக்குப் பருவமழையில் அது ஒரு மாலை நேரச் சமாச்சாரம். அங்கே அது ஆண்டு வரவின் நான்கில் ஒரு பங்கு. அதன் பெரும்பகுதி நேராக ஆற்றில் போனது. கிடங்கு சிறியது என்றால் அதன் பொருள் இதுதான். உருகல்தான் எப்போதும் வருடத்தின் பெருவெள்ளம் என்ற நம்பிக்கை, செங்குத்தான நடுத்தர வடிநிலங்களுக்குப் பொருந்தாது என்று அப்போது தெளிவானது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் 2007. வட சரிவில் அந்தக் கோடை கடும் வறட்சி. சமவெளியின் பள்ளங்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் காய்ந்தன. பிறகு 2014-இல் ஈரமான கோடை. அடுத்த வசந்தத்தில், 2015 மே மாதம், டால்டன் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் சகவனிர்க்டோக் ஆற்றின் வெள்ளம் அந்தச் சாலையைப் பல நாட்கள் மூடவைத்தது. எண்ணெய் வயல்களுக்கான லாரிகள் நின்றுபோயின. பனி மட்டும் அதற்குக் காரணமில்லை. முந்தைய ஆண்டின் ஈரம் மண்ணிலும் பள்ளங்களிலும் தங்கியிருந்தது. குளிர்காலத்தில் ஆற்றின் மேல் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பனிக்கட்டி ஆற்றின் வழியை அடைத்திருந்தது. பூச்சியம் என்று எழுதிய அந்தச் சேமிப்பு உறுப்பு சாலையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது.

அளவும் பிழையும்

ஒரு மில்லிமீட்டர் பிழைக்கு என்ன விலை என்று கேட்கலாம். இம்னாவைட்டின் 2.2 சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 22 லட்சம் லிட்டர். முழுக் குபாருக்கின் 8,100 சதுர கிலோமீட்டரில் அதே ஒரு மில்லிமீட்டர் 81 லட்சம் கனமீட்டர், நாம் பேசும் கணக்கில் 0.29 டி.எம்.சி. பனியில் 30 மில்லிமீட்டர் தவறினால் எட்டு டி.எம்.சி.க்கு மேல் நீர் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. உலகக் கடல்நீரில் ஆர்க்டிக் பெருங்கடலின் பங்கு ஒரு சதவீதம் அளவு. ஆனால் உலக ஆறுகள் கடலுக்குக் கொண்டுசெல்லும் நீரில் பத்தில் ஒரு பங்கு அங்கேதான் போய்ச் சேர்கிறது. யூரேசியாவின் ஆறு பெரிய ஆறுகள் சேர்ந்து அதில் கொட்டும் நீர் 1936-க்கும் 1999-க்கும் இடையில் ஏறக்குறைய 7 சதவீதம் கூடியிருக்கிறது. அந்தக் கூடுதல் நீர் எங்கிருந்து வந்தது, கூடுதல் மழையா, பனியா, உருகும் மண்ணா என்று கேட்டால், பதில் சொல்லப் போதுமான அளவு துல்லியமாகப் பனி வரவு நம் கையில் இல்லை. ஓட்டத்தில் 7 சதவீத மாற்றத்தை, பாதி பனியைத் தவறவிடும் மானிகளை வைத்து விளக்க முயல்கிறோம்.

2002-இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்கள், 2017-இல் ஓயும்வரை, பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை வைத்து நீர்ச்சேமிப்பைச் சொல்லிவந்தன. சைபீரியாவின் லேனா, ஓப் போன்ற பேராறுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதன் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். முழுக் குபாருக்கே அதற்குச் சிறியது, இம்னாவைட் கண்ணில் படாது. கோலும் குழாயும் எடுத்துக்கொண்டு நடக்கிற வேலைக்கு அது மாற்று இல்லை.

1975-லிருந்து வடநாட்டு ஆய்வு வடிநிலங்களுக்கென்று ஒரு பன்னாட்டுப் பணிக்குழு இருக்கிறது. 2004 மார்ச்சில் கனடாவின் விக்டோரியாவில் கேனும் யாங்கும் ஒரு பட்டறை நடத்தி, வடபுல நாடுகள் பலவற்றின் நீண்டகால நீர்ச்சமநிலைக் கணக்குகளை ஒன்றாக வைத்தார்கள். மிகத் தேவையான வேலை. ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பே, 1980-களின் நடுவிலிருந்து, ரஷ்யாவிலும் கனடாவிலும் ஆறு அளக்கும் நிலையங்கள் வரிசையாக மூடப்படத் தொடங்கிவிட்டன. வடக்கு வேகமாகச் சூடேறத் தொடங்கிய அதே காலம்.

பணம் கொஞ்சமாகவே இருக்கிறது, மூன்று அளவுகள்தான் எடுக்கமுடியும் என்றால் என் வரிசை இதுதான். முதலில், ஏப்ரல் கடைசியில் தரையில் பனி அளவீடு, ஒரு வருடமும் விடாமல். அடுத்து, உருகல் நாட்களில் ஆள் இறங்கி எடுக்கும் ஓட்ட அளவு. மூன்றாவதாக, பனி விழத் தொடங்கும் முன் செப்டம்பரில் மேல் மண்ணின் ஈரமும் குட்டைகளின் நீர்மட்டமும். இம்மூன்றில் கடைசியைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். புட்டுலிகயுக் போன்ற சமவெளியில், அடுத்த மே மாதம் எவ்வளவு பனிநீர் ஆற்றை எட்டும் என்பதை அந்தச் செப்டம்பர் அளவு இல்லாமல் சொல்லவே முடியாது.